செண்டோல் கிண்ணத்துக்கு, டப்பாவுக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களுக்குப் பிடித்த ஐஸ்கிரீம் எது, அதில் எதைச் சேர்த்தால் பிடிக்கும் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர்கள் எழுதியிருந்ததைப் படித்தோம். டுரியான், செண்டோல் (பச்சை மாவு இழை போட்ட தேங்காய்ப்பால் இனிப்பு), ஜவ்வரிசி, பலாப்பழம், கூலா மெலாக்கா (தென்னை வெல்லம்), மைலோ (மால்ட் சாக்லேட் பானத் தூள்), ஏலக்காய், வேர்க்கடலை என்று நீண்ட அந்த வரிசை, நம் மலேசிய ஊர் இரவுச் சந்தையை ஒரு சுற்று வந்த மாதிரி இருந்தது. பிடித்தது, பிடிக்காதது அவரவர் நாக்கு. அதில் வழக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பலர் வீட்டில் செய்யும் பக்குவத்தையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அந்தப் பக்குவங்களில் பாதிக்கு மேல் அப்படியே செய்தால் ஒன்று பல் உடையும், இல்லையென்றால் நாக்கில் மணல் நெருடும்.

சேர்மானத்தை நாம் அடுப்படியில் 30 டிகிரி வெப்பத்தில் வாயில் போட்டுப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்கிறோம். அதைச் சாப்பிடுவதோ மைனஸ் 12 டிகிரியில். இரண்டுக்கும் இடையில் அந்தப் பொருள் வேறொன்றாக மாறிவிடுகிறது. அதனால் புதிதாக எதைச் சேர்க்க நினைத்தாலும், முதலில் ஒரு தேக்கரண்டி அளவு சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடி, ஒரு ராத்திரி ஃபிரீசரில் வையுங்கள். காலையில் எடுத்த எடுப்பில் கடித்துப் பாருங்கள். பல் இறங்கினால் அது ஐஸ்கிரீமுக்குள் போகலாம். இறங்காவிட்டால் அதன் இடம் கிண்ணத்தில், பரிமாறும்போது மேலே. இந்த ஒரு சோதனை பல லிட்டர் பாலைக் காப்பாற்றும்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். அதில் சீனி கரைந்திருந்தால் உறையும் புள்ளி கீழே இறங்கும். ஐஸ்கிரீம் கரண்டிக்கு வளைந்து கொடுப்பதே இதனால்தான்: மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரிலும் அதிலுள்ள தண்ணீர் முழுவதும் உறைவதில்லை, கொஞ்சம் கெட்டிப் பாகாக மிஞ்சி நிற்கும். ஆனால் அந்தக் கலவைக்குள் நீங்கள் போடும் மாம்பழத் துண்டுக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. துண்டுக்குள் இருக்கும் தண்ணீர் தன் வழியில் உறைந்து ஐஸ் கட்டியாகிவிடும். தர்பூசணியில் 91 சதவீதமும், மாம்பழத்தில் சுமார் 83 சதவீதமும், பலாச்சுளையில் சுமார் 73 சதவீதமும் தண்ணீர். டுரியானில் 65 சதவீதம்தான். அதோடு மாவுச்சத்தும், பழங்களில் அபூர்வமாக 5 சதவீத அளவுக்குக் கொழுப்பும் உண்டு. டுரியானை வெறுமனே ஃபிரீசரில் வைத்தாலும் பாதி ஐஸ்கிரீம் ஆகிவிடுவது இதனால்தான்.

அடிப்படைக் கலவையை முதலில் சொல்லிவிடுகிறோம். மற்றவற்றை அதன் மேல்தான் கட்ட வேண்டும். ஐஸ்கிரீம் கடையும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய ஒரு கிலோ கலவைக்கு முழுக்கொழுப்புப் பால் 500 மில்லி, 35 சதவீதக் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் 250 மில்லி, சீனி 140 கிராம், கொழுப்பு நீக்கிய பால்மாவு 35 கிராம், சோளமாவு 10 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் கொழுப்பு 11 சதவீதம், சீனி 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, கொழுப்பல்லாத பால் திடப்பொருள் 10 சதவீதம் என்று கணக்கு நிற்கும். பால்மாவைச் சீனியோடு முதலில் கலந்து பிறகு பாலில் தூவினால் கட்டி தட்டாது. சோளமாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றுங்கள். அடிபிடிக்காமல் கிளறி, 80 டிகிரிக்கு மேல் போய்க் கலவை கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் இறக்குங்கள். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து வேகமாக ஆற்றி, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி வையுங்கள். இந்த ஊறலைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். ஊறாத கலவையில் கொழுப்பு கெட்டிப்படாது, காற்றைப் பிடிக்காது, கடைந்து எடுத்தால் ஈரப் பனி மாதிரி சரியும்.

‘மேலும் சத்தாக இருக்கட்டும்’ என்று பால்மாவை அள்ளிக் கொட்டுபவர்களுக்கு: பாலில் உள்ள லாக்டோஸ் சீனி அவ்வளவாகக் கரையும் குணம் உடையதல்ல. அளவு மீறினால் சில நாளில் படிகமாகி மணலாக நெருடும். அது ஐஸ் படிகம் அல்ல, நாக்கில் எளிதில் கரையாது. உடனே கரைகிறதா இல்லையா என்று பார்த்தாலே எந்தத் தவறு என்று தெரிந்துவிடும்.

கல்லாக உறைகிறது என்று குறைப்படுபவர்கள் 140 கிராம் சீனியில் 30 கிராமைக் குறைத்து, அதற்குப் பதில் மருந்துக்கடையிலோ மளிகைக்கடையிலோ கிடைக்கும் குளுக்கோஸ் மாவு 30 கிராம் போடலாம். அதன் மூலக்கூறு சிறியது. அதே எடைக்குச் சாதாரணச் சீனியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உறைபுள்ளியைக் கீழே தள்ளும். இனிப்போ குறைவு. ஆக ஐஸ்கிரீம் மெத்தென்று ஆகும், திகட்டாது. 30ஐ 70 ஆக்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் ஐஸ்கிரீமைக் கோப்பையில் குடிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இயந்திரம் இல்லாதவர்கள் கிரீமை அடித்து டின் பாலை (சீனி சேர்த்த கெட்டிப்பால்) கலந்து உறைய வைக்கும் முறையைப் பலர் எழுதியிருந்தார்கள். நல்ல முறைதான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘ஒரு டின்’ என்பது 397 கிராம். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் டின் பெரும்பாலும் 500 கிராம். முழு டின்னையும் ஊற்றினால் 100 கிராம் கூடுதலாகப் போகிறது; பாதிக்குமேல் சீனியும் பால் லாக்டோஸும்தான். அதற்கு மேல் டுரியானோ மைலோவோ சேர்ந்தால் ஐஸ்கிரீம் உறையவே உறையாது. இன்னொன்று: டின்னில் ‘சுசு பெக்காட் மானிஸ்’ (இனிப்புக் கெட்டிப்பால்) என்று இருக்கிறதா, ‘கிரிமர் மானிஸ்’ (இனிப்புக் கிரீமர்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் இருக்கும். தேத்தண்ணிக்கு அது போதும். ஐஸ்கிரீமில் பால் மணம் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான். கடை ஐஸ்கிரீமிலும் இதே கதை. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகள் ஐஸ்கிரீமில் தாவரக் கொழுப்பையும் அனுமதிக்கின்றன. நம் ஊரைச் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களை ஒருமுறை பார்த்தால், அந்தக் கொழுப்பு எந்த மரத்துடையது என்று விளக்க வேண்டியதில்லை. குறை சொல்லவில்லை; வாங்கும்போது டப்பாவைக் கையில் தூக்கிப் பாருங்கள் என்கிறோம். ஒரு லிட்டர் டப்பா அரைக் கிலோவை ஒட்டி இருந்தால், நீங்கள் பாதி விலையைக் காற்றுக்குக் கொடுக்கிறீர்கள்.

டுரியானுக்கு வருவோம், பதில்களில் பாதி அதுதானே. டுரியானை அடுப்பில் ஏற்றக் கூடாது. மணம் மாறி, வெங்காய வாடை முன்னுக்கு வந்துவிடும். சதையை மட்டும் எடுத்து நார் இல்லாமல் சல்லடையில் தேய்த்து, ஆறி ஊறிய கலவையில் கடைவதற்குச் சற்று முன் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ கலவைக்கு 250 முதல் 300 கிராம் சதை போதும். டுரியான் தன் சீனியையும் கொண்டுவருவதால் கலவையின் சீனியை 140இலிருந்து 110 ஆக்குங்கள். இயந்திரமில்லாத முறையில் கிரீம் 500 மில்லி, டின் பால் 300 கிராம், சதை 300 கிராம். எந்த ரகம் என்பது பெரிய சர்ச்சை. D197 எனப் பதிவான முசாங் கிங் விலைக்கு வாங்கி ஐஸ்கிரீமில் போடுவது, எங்கள் கணிப்பில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவது போல. குளிர் நாக்கின் இனிப்புணர்வையும் மூக்கின் மணவுணர்வையும் மழுங்கடிக்கும். அந்த ரகத்தின் நுட்பம் பாதி அங்கேயே போய்விடும். கொஞ்சம் கசப்பும் அழுத்தமான மணமும் உள்ள D24 ரகம், அல்லது நன்றாகப் பழுத்த கம்பத்து (கிராமத்து நாட்டு) டுரியான், குளிரையும் மீறிப் பேசும். உறைய வைக்கும் டப்பா இறுக்கமாக மூடுவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மீனுக்கும் டுரியான் வாசம், டுரியானுக்கும் மீன் வாசம்.

குளிர் இனிப்பைக் குறைக்கிறது என்பதால், கலவையை ஊற்றுவதற்கு முன் ருசி பார்க்கும்போது அது ‘கொஞ்சம் அதிகம்’ என்று தோன்ற வேண்டும். அப்போது சரியாக இருந்தால் உறைந்த பிறகு சப்பென்று இருக்கும். ஏலக்காய்க்கும் இதே கணக்கு. பத்துப் பன்னிரண்டு காய்களை நசுக்கிச் சூடான பாலில் 20 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஏலக்காயின் எண்ணெய் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும், ஆகவே கிரீமையும் பாலோடு சேர்த்துச் சூடாக்குவது நல்லது. பொடியாகத் தூவினால் பல்லிடுக்கில் நெருடும்.

மாம்பழம், பலா போன்றவற்றைத் துண்டாகப் போட ஆசைப்படுபவர்கள் முதலில் தண்ணீரை வெளியேற்றிச் சீனியை உள்ளே அனுப்ப வேண்டும். பலாச்சுளை 200 கிராமைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, சீனி 100 கிராம், தண்ணீர் 100 மில்லி சேர்த்து மெல்லிய தீயில் பத்து நிமிடம் வேகவிடுங்கள். அந்தப் பாகிலேயே ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் வடிகட்டியில் நன்றாக வடித்து, குளிர வைத்துப் பயன்படுத்துங்கள். உறைந்த பிறகும் மெல்லலாம். மாம்பழத்தைத் துண்டாக்குவதைவிடக் கூழாக்கி, 400 கிராமை 300 கிராம் ஆகும்வரை சுண்டவைத்துக் கலவையில் சேர்ப்பதே மேல். தர்பூசணியை மறந்துவிடுங்கள், அது ஐஸ் குச்சிக்குத்தான் பிறந்தது.

அன்னாசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வாசகர் பச்சை அன்னாசிச் சாற்றை நேரடியாகப் பாலில் ஊற்றச் சொல்லியிருந்தார். அன்னாசியில் புரோமிலெய்ன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். பப்பாளியிலும் இதே வகை நொதி உண்டு. பச்சை இஞ்சிச் சாறோ பாலைத் தயிர் மாதிரி உறைய வைத்துவிடும். மூன்றையுமே முதலில் கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும், பிறகு கவலையில்லை. டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் அப்படியே போடலாம், பாகை மட்டும் வடித்துவிட்டு.

இனி இந்தக் கடிதத்துக்கே காரணமான செண்டோலும் ஜவ்வரிசியும். வேகவைத்த ஜவ்வரிசி சூட்டில் கண்ணாடி போல வழுக்கும். குளிர்ந்ததும் அதன் மாவுச்சத்தில் உள்ள அமிலோஸ் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகத் தொடங்கும், உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே விடும். பழைய சோறு ஐஸ்பெட்டியில் விறைத்துப் போவதும் இதே வேலைதான். ஃபிரீசரில் அந்தத் தண்ணீரும் உறைந்து, ஜவ்வரிசி வெளுத்த சுண்ணாம்பு மணியாகிவிடும். செண்டோல் இழையும் மாவில் செய்ததே, ஆகவே அதே கதி. பச்சை நிறத்தில் ஐஸ் குச்சிகள். அகார் அகார் (கடல்பாசி ஜெல்லி) இன்னும் மோசம்: உறைந்து உருகினால் கட்டி ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். நாத்தா டி கோகோ (தேங்காய் நீரில் செய்யும் ஜெல்லித் துண்டு) ஏறக்குறைய முழுவதும் தண்ணீர் என்பதால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சேமியாப் பாயச ஐஸ்கிரீம் என்று ஒன்றைப் பார்த்தோம். அதைச் செய்து பார்த்த வீட்டில் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது: கறுப்புப் புளுட் அரிசி. ஒட்டும் அரிசியில் அமிலோஸ் மிகக் குறைவு, ஏறக்குறைய எல்லாமே அமிலோபெக்டின் என்ற மற்ற வகை மாவுச்சத்து. அது அவ்வளவு சீக்கிரம் விறைக்காது. 100 கிராம் அரிசியை ராத்திரி ஊறவைத்து, குழையும்வரை வேகவைத்து, 80 கிராம் சீனி போட்டுக் கெட்டியாகக் கிளறி ஆறவைத்தால், ஐஸ்கிரீமுக்குள் மென்று சாப்பிடும் பதத்தில் நிற்கும். தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமுக்கு இதைவிடப் பொருத்தமான சேர்மானம் கிடையாது என்பது எங்கள் முடிவு.

செண்டோல் சுவைதான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. செண்டோலின் உயிர் அந்தப் பச்சை இழையில் இல்லை. பாண்டான் (ரம்பை இலை), தேங்காய்ப்பால், கூலா மெலாக்கா மூன்றிலும் இருக்கிறது. அவற்றை ஐஸ்கிரீமாக்குங்கள், இழையைப் பரிமாறும்போது கிண்ணத்தில் மேலே போடுங்கள். பாண்டான் இலை ஆறேழை முடிச்சுப் போட்டுப் பாலில் மெல்லிய தீயில் 15 நிமிடம் விட்டு எடுத்துவிடுங்கள்; பிழிய வேண்டாம், புல் வாசம் வரும். தேங்காய்ப்பாலைக் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும், ஆகவே ஆவி பறக்கும் சூட்டிலேயே நிறுத்துங்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரியை ஒட்டித்தான் உருகும், குளிரில் நன்றாக இறுகும். கலவை முழுவதும் தேங்காய்ப்பாலாக இருந்தால் அண்ணத்தில் மெழுகு மாதிரி படியும், இயந்திரத்தில் கடையும்போது வெண்மணிகளாகவும் திரளும். பாதி பால், பாதி தேங்காய்ப்பால் என்பதே சமாதானமான அளவு.

கூலா மெலாக்காவைக் கொதிக்கும் பாலில் போட்டுத் திரிய விட்டவர்கள் பலர். வெல்லத்தைப் போலவே அதிலும் கொஞ்சம் புளிப்பு இருக்கும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் பால் தாங்காது. தனியாகக் கரைத்து வடிகட்டி, இரண்டும் ஆறிய பிறகே கலக்க வேண்டும். கோடு கோடாக ஓட விடும் பாகாக்க 200 கிராம் கூலா மெலாக்காவை 60 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மெல்லக் கொதிக்கவிட்டு ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். தேன் போல நகர்ந்தால் சரி. ஐஸ் மொறுமொறுத்தால் இன்னும் சுண்ட வேண்டும். மிட்டாயாக இறுகினால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு இளக்குங்கள். இந்தப் பாகைக் கடையும்போது ஊற்றினால் கலவையே பழுப்பாகிவிடும், கோடு தெரியாது. டப்பாவில் ஒரு அடுக்கு ஐஸ்கிரீம், மேலே பாகு, மறுபடி ஐஸ்கிரீம் என்று நிரப்பி, கத்தியால் ஒரே ஒரு முறை கீறிவிட்டு மூடுங்கள்.

ஐஸ்கிரீம் பொத்தோங், அதாவது அச்சில் உறைய வைக்கும் குச்சி ஐஸ்கிரீம், கடைவதே இல்லாத வகை. அதில் ஐஸ் படிகத்தைச் சிறிதாக வைத்திருப்பது சோளமாவு. மாவுச்சத்து விறைக்கும் என்று சற்று முன் சொன்னோமே என்று கேட்கலாம். நூறில் நாலு பங்காகக் கலவை முழுவதும் கரைந்து கிடக்கும் மாவு வேறு, திரண்ட மணியாக நிற்கும் மாவு வேறு. கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, பால் 400 மில்லி, சீனி 130 கிராம், சோளமாவு 40 கிராம். கஞ்சிப் பதத்துக்குக் கிளறி, நன்றாக ஆறவிட்டு அச்சில் ஊற்றுங்கள். சிவப்பு அவரை போடுவதானால் சின்ன வகை, ராஜ்மா அல்ல. சீனி போடாமல் நன்றாகக் குழைய வேகவைத்த பிறகே 200 கிராம் அவரைக்கு 150 கிராம் சீனி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். முதலிலேயே சீனி போட்டால் அவரை மெத்தென்று வேகாது. ஃபிரீசரில் அது தோட்டா. சோளமணியும் இதே பாகில் ஒரு கொதி காண வேண்டும். அவரை எல்லாம் அடியில் போய் உட்காருகிறது என்றால், நீங்கள் கலவை நீர்த்திருக்கும்போது போட்டுவிட்டீர்கள். அச்சில் பாதி உறைந்து கூழாக நிற்கும்போது போட்டுக் குச்சியால் கிளறுங்கள்.

கடலை வகைக்குக் கெடுதி செய்வது உறைதல் அல்ல, ஈரம். வறுத்த வேர்க்கடலையை அப்படியே போட்டால் இரண்டு நாளில் ஊறவைத்த கடலை. 100 கிராம் கடலை, 50 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் மூன்றையும் வாணலியில் கிளறிக்கொண்டே இருந்தால் சீனி மறுபடி பூத்துக் கடலையைப் போர்த்தும். முந்திரிக்கு நெய்யில் வறுப்பதே போர்வை. உப்புக்கடலைப் பிரியர்களுக்கு நம் பேராக்கில் பஞ்சமில்லை. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பருப்பு வகைகள்) இருக்கிறது. ஏலக்காய் ஐஸ்கிரீமின் மேல் அதை நொறுக்கித் தூவிச் சாப்பிடாதவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். முறுக்கு, அச்சு முறுக்கு, மேரி பிஸ்கட் எல்லாம் உள்ளே போனால் ஒரு நாளில் சவசவத்துவிடும். கோன் ஐஸ்கிரீம் செய்பவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 1959இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த ஸ்பிகா நிறுவனம் கோனின் உட்புறத்தில் எண்ணெய், சீனி, சாக்லேட் பூசி ஈரத்தைத் தடுத்தது. கார்னெட்டோ அப்படிப் பிறந்ததுதான். தீபாவளிக்கு மிஞ்சிய அச்சு முறுக்கை உருகிய சாக்லேட்டில் முக்கி ஆறவைத்து உடைத்துப் போட்டால் அதே தந்திரம் வேலை செய்யும்.

சாக்லேட் கட்டியை நறுக்கிப் போட்டால் குளிரில் மெழுகாக நிற்கும், வாயில் கரைவதற்குள் ஐஸ்கிரீம் தொண்டையில் இறங்கிவிடும். 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டோடு 20 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்த்து உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கடைசல் முடியும் தறுவாயில் நூலாக ஊற்றுங்கள். குளிரில் பட்டவுடன் இறுகிச் செதில் செதிலாக உடையும். உலர்திராட்சை ஃபிரீசரில் கூழாங்கல். சூடான சீனிப்பாகில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மெத்தென்று இருக்கும். குலாப் ஜாமூன் பாகில் ஊறிக் கிடப்பதால் கால் கால் துண்டாக வடித்துப் போடலாம், விறைக்காது. மைலோவைக் கலவையோடு காய்ச்சுவதானால் 60 கிராம், சீனியில் 20 கிராம் குறைத்து. தூளாகவே பிடிக்கும் என்பவர்கள் சாப்பிடும் நேரத்தில் மேலே கொட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

துண்டாகவோ மணியாகவோ போடும் எந்தச் சேர்மானமானாலும் மொத்தம் ஒரு கிலோ கலவைக்கு 150 கிராம் தாண்ட வேண்டாம். துண்டு கொண்டைக்கடலையைவிடப் பெரிதாக வேண்டாம். முக்கியமாக, போடுவதற்கு முன் அது ஐஸ்பெட்டிக் குளிரில் இருக்க வேண்டும். சூடாகவோ அறை வெப்பத்திலோ போட்டால் தன்னைச் சுற்றியுள்ள ஐஸ்கிரீமை உருக்கும். அது பெரிய படிகமாக மறுபடி உறையும். ஒவ்வொரு கடலையையும் சுற்றி ஒரு ஐஸ் ஓடு இருக்கிறது என்றால் காரணம் இதுவே.

டப்பாவை ஃபிரீசரின் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். உள்ளே பின்பக்கம் வையுங்கள், மேற்பரப்பில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் விரித்து மூடுங்கள். கதவு திறக்கத் திறக்கச் சின்னப் படிகங்கள் உருகிப் பெரியவற்றோடு ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் நின்று முழுவதும் இளகிப்போன ஐஸ்கிரீமை மறுபடி உறைய வைத்துச் சாப்பிட வேண்டாம். நயம் கெடுவது ஒருபுறம், வயிறும் கெடும்.

பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் குழாய் ஐஸ், அதாவது ஐஸ்கிரீம் மலேசியா, பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார்: உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் போய் வெறும் வெள்ளை ஐஸ் மிஞ்சுகிறதே ஏன் என்று. தண்ணீர் முதலில் தனியாக உறைகிறது. சீனியும் நிறமும் உறையாத பாகாகப் படிகங்களுக்கு இடையே தங்குகின்றன. பிள்ளை முதலில் உறிஞ்சுவது அந்தப் பாகைத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் சீனி, ஆசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) நாலைந்து, அதோடு மரவள்ளிக்கிழங்கு மாவு 10 கிராம் கரைத்துக் கொதிக்க விடுங்கள். பாதி உறைந்ததும் குழாயை எடுத்துக் கசக்கிக் குலுக்கி மறுபடி வையுங்கள். பாகு அவ்வளவு சுலபத்தில் பிரியாது. குழாயை முட்ட நிரப்பாதீர்கள், உறையும் தண்ணீர் 9 சதவீதம் பெருக்கும். குலுக்கி உறைய வைக்கும் கோயாங் ஐஸ் வேண்டுமென்றால், அச்சைச் சுற்றிப் போட எடைக்கு மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. பொடி உப்பு சீக்கிரம் கரைந்து அடியில் தேங்கிவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வாசகர் குறிப்புகளை வெளியிடும்போது ‘ஒரு டின்’, ‘ஒரு கப்’, ‘தேவையான அளவு’ என்று வருவதையெல்லாம் கிராமிலும் மில்லியிலும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தேங்காய்ப்பால் என்றால் பிழிந்ததா, பெட்டியில் வந்ததா என்பதையும் சேர்த்து. இரண்டிலும் கொழுப்பு ஒன்றல்ல.

இப்படிக்கு,
ஐஸ்கிரீம் செய்யும் வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.